பந்து உருளாத மாதங்கள்

ஒரு கால்பந்துப் பருவம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்களில்தான் கொல்கத்தா ரசிகர்கள் கடுமையாக உழைக்கிறார்கள். கழகம் யாரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும், யாரை விடுவிக்க வேண்டும், வலப்பக்கப் பின்களத்துக்கு எவரை அழைத்துவர வேண்டும், முப்பத்து மூன்று வயதைக் கடந்த நடுக்கள வீரருக்கு இன்னோர் ஆண்டு ஒப்பந்தம் நீட்டிப்பது அறிவுடைமையா? ஊதியம் ஏதுமின்றி, தம் விடைகளைக் கேட்பார் எவருமின்றி, இவ்வினாக்களோடு அவர்கள் கோடை முழுவதும் மல்லுக்கட்டுகிறார்கள். கழக நிருவாகிகள் எடுக்கும் முடிவுகளில் இவர்களுக்கு எள்ளளவும் பங்கில்லை. ஆயினும் ஒரு வீரரின் பெயர் அறிவிக்கப்பட்ட மறுநாள் காலை, தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியரின் கண்டிப்போடு அவருக்கு மதிப்பெண் இட்டுவிடுகிறார்கள்.

தென் கொல்கத்தாவின் ஜாதவ்பூர்ப் பகுதியில் ஆய்வு மாணவனாக நான் வசிக்கத் தொடங்கி ஆறாண்டுகள் ஆகின்றன. என் துறை புள்ளியியல். மதிப்பீடு என்பதே என் அன்றாட வேலை என்பதால், இந்த மதிப்பெண் இடும் வழக்கம் என்னை வெகுவாக ஈர்த்தது. இங்குள்ள பிஜோய்கர், ஆசாத்கர் முதலியவை பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பிய குடியிருப்புகள். ஆகவே இப்பகுதியின் அணி எது என்று எவரும் கேட்கத் தேவையில்லை. சிவப்பும் பொன்னிறமும் கலந்த ஈஸ்ட் பெங்கால் கொடி, மழையில் வெளிறியும், மின்கம்பிகளில் சிக்கியும் ஆண்டு முழுவதும் பறந்துகொண்டிருக்கும். வெற்றி நாளில் ஹில்சா, எதிரணி மோகன் பகான் வென்றால் அவர்கள் வீட்டில் இறால் என்னும் கதைகளை எல்லாரும் எழுதிவிட்டார்கள்; அவற்றை விட்டுவிடுகிறேன். நான் எழுத விரும்புவது அந்த மதிப்பெண்களைப் பற்றி.

நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையில் மூன்று வகை மதிப்பீட்டாளர்கள் கூடுவார்கள். முதல் வகையினர் கைப்பேசியோடு வரும் கல்லூரி இளைஞர்கள். ஒரு வீரர் சென்ற பருவத்தில் எத்தனை நிமிடங்கள் ஆடினார், எத்தனை கோல்களுக்கு உதவினார், எத்தனை முறை பந்தை இழந்தார் என்பவை அவர்கள் விரல் நுனியில் இருக்கும். இரண்டாம் வகையினர் ஓய்வுபெற்ற முதியவர்கள். எந்த வீரரைப் பற்றிப் பேசினாலும் அவர்களிடம் ஓர் ஒப்புமை உண்டு. இவர் அவரைப் போல் ஓடுகிறார், ஆனால் அவரைப் போல் திரும்பத் தெரியவில்லை என்பார்கள். மூன்றாம் வகையில் ஒருவரே உண்டு, அவர் கடைக்காரர். எல்லாரும் காக்கு என்று அழைப்பதால் நானும் அவ்வாறே அழைக்கிறேன். வங்காளியில் அது சித்தப்பா என்று பொருள்படும். அவர் கேட்பது ஒரே கேள்விதான்: “இவனை எடுக்காமலிருந்தால் வேறு யாரை எடுத்திருக்க முடியும்?” என் நெறியாளர் ஒரு பருவம் முழுவதும் கற்பித்த பாடத்தை அவர் மண்குவளையைக் கழுவிக்கொண்டே கேட்டுவிடுகிறார்.

இந்நகரத்தில் அணிமாற்றத்துக்கென்றே ஒரு பழைய சொல் உண்டு, தொல்பொதல் என்பார்கள். முன்பெல்லாம் ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாட்களில் இந்தியக் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்கு வந்து வீரர்கள் கையெழுத்திடவேண்டும். அந்நாள் நெருங்கும்போது, எதிரணியின் ஆட்கள் தம் வீரரைக் கவர்ந்துசென்றுவிடாதபடி கழகத்தார் அவரை ஊருக்கு வெளியே ஏதேனும் ஒரு வீட்டில் ஒளித்துவைப்பார்களாம். 1985இல் கிருஷானு தே, பிகாஷ் பாஞ்சி என்னும் இரட்டையர் மோகன் பகானைவிட்டு ஈஸ்ட் பெங்காலுக்கு வந்ததை, நேற்று நடந்த சொந்த வீட்டுத் திருமணம்போல் விவரிக்கும் முதியவர்களை இன்றும் சந்திக்கலாம்.

அதற்கும் முந்தைய ஒரு தேர்வு எனக்குத் தனிப்பட்ட முறையில் பெருமை தருவது. 1940களில் ஈஸ்ட் பெங்காலின் நிருவாகி ஜோதிஷ் குஹா தென்னிந்தியாவிலிருந்து முன்கள வீரர்களைத் தேடித் தேடி அழைத்துவந்தார். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரையும் இந்நகரம் பஞ்சபாண்டவர் என்று அழைத்தது. 1949, 1950, 1951 என மூன்றாண்டுகள் தொடர்ந்து ஐஎஃப்ஏ கேடயம் இக்கழகத்துக்கு வந்தது. நிலத்தையும் வீட்டையும் இழந்து ரயிலேறி வந்த மக்கள், தாங்கள் இழந்த மண்ணின் பெயரைத் தாங்கிய கழகத்துக்காக ஆடிய, வங்காளி பேசாத ஐந்து தென்னவர்களைத் தம் பிள்ளைகளாக்கிக்கொண்டார்கள். ஆகவே நான் எந்த ஊர் என்று அறிந்ததும் முதியவர் ஒருவர் என்னிடம் முதலில் விசாரித்தது இட்லியைப் பற்றி அன்று; 1990களில் இங்கு முன்களத்தில் ஆடிய இராமன் விஜயனைப் பற்றி.

இந்தப் பழைய உலகத்துக்குள் ‘டிராஃப்ட்’ என்னும் அமெரிக்க முறை 2014இல் நுழைந்தது. அதன் அடிப்படை எளியது. வீரர்கள் அனைவரும் ஒரே பட்டியலில் வைக்கப்படுவார்கள். கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சுற்றுச் சுற்றாக, ஆளுக்கொருவராகத் தெரிவு செய்யும். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பான என்எஃப்எல் 1936இல் இதைத் தொடங்கியபோது, சென்ற பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கே முதல் வாய்ப்பு என்று வகுத்தது. பணமுள்ள கழகமே எல்லாத் திறமையையும் வாரிச் சுருட்டிக்கொள்ளாமல் தடுப்பது நோக்கம். வரலாற்றில் அவ்வாறு முதன்முதலாகத் தெரிவு செய்யப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார். இந்த முறையின் முதல் வரியிலேயே அதன் நிச்சயமின்மையும் எழுதப்பட்டிருந்தது.

நாம் அறிந்த கால்பந்தை ஆடும் அமெரிக்கத் தொடரான மேஜர் லீக் சாக்கரிலும் கதை அதுவே. 2004இன் தெரிவில் முதல் பெயராக வந்தவர் ஃபிரெடி அடு. அப்போது அவருக்கு வயது 14. அடுத்த பெலே என்று கொண்டாடப்பட்ட அவர் பின்னர் கழகம் கழகமாக அலைந்தார். அதே தெரிவில் எட்டாவதாக அழைக்கப்பட்ட கிளின்ட் டெம்ப்சி அமெரிக்க நாட்டுக்காக 57 கோல்கள் அடித்து, அந்நாட்டின் அதிகபட்ச எண்ணிக்கையை லேண்டன் டோனவனோடு பகிர்ந்துகொண்டார். மறு ஆண்டு துணைத் தெரிவின் நான்காம் சுற்றில் கிட்டத்தட்ட மிச்சப் பொருள்போல் எடுக்கப்பட்ட கிறிஸ் வொண்டலோவ்ஸ்கி, பிற்காலத்தில் அத்தொடரின் வரலாற்றிலேயே மிகுதியான கோல்களை அடித்தவரானார். அன்றிரவு ரசிகர்கள் இட்ட மதிப்பெண்களை எவரேனும் பாதுகாத்துவைத்திருந்தால் என் துறைக்கு அது நல்ல தரவாக இருந்திருக்கும்.

இந்தியன் சூப்பர் லீக் இம்முறையைக் கைக்கொண்டதற்குக் காரணம் வேறு. 2014இல் எட்டு அணிகள் ஒரே நாளில் பிறந்தவை போல் பிறந்தன. அவற்றுக்கு இளையோர் பயிற்சிக்கூடம் இல்லை, பழைய வீரர்கள் இல்லை, மரபும் இல்லை. மும்பையில் கூடி, ஐ-லீக் கழகங்களின் வீரர்களைக் குறுகிய காலக் கடனாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். 2015இல் பத்துப் பேருக்கு மட்டும் ஏலமும் நடந்தது. சுனில் சேத்ரியை மும்பை சிட்டி 1.20 கோடி ரூபாய்க்கும், யூஜின்சன் லிங்டோவை எஃப்சி புனே சிட்டி 1.05 கோடிக்கும் எடுத்தன. அப்போதெல்லாம் தொடர் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். ஆட்டக்காரர்கள் தத்தம் பழைய கழகங்களுக்குத் திரும்பிவிடுவார்கள். கொல்கத்தா ரசிகர்கள் அதை வெளியூர்த் திருவிழாவுக்குப் போய்வரும் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

2017 ஜூலை 23ஆம் நாள் நடந்த தெரிவு அப்படிப்பட்டதன்று. தொடர் ஐந்து மாத அளவுக்கு நீண்டது. ஐ-லீக்கும் அதே காலத்தில் நடந்தது. ஒரு வீரர் இரண்டில் ஒன்றையே தேர்ந்துகொள்ள முடியும். ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் அந்த ஆண்டு சூப்பர் லீக்கில் சேரவில்லை. ஆகையால் 1889இலும் 1920இலும் தோன்றிய இரு கழகங்களின் ஆதரவாளர்கள், தங்களுக்கு இருக்கை இல்லாத ஓர் அரங்கத்தில் தங்கள் வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வேறு ஊர்களுக்கு வாசிக்கப்படுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோகன் பகானின் அனஸ் எடத்தொடிகாவை முதல் தெரிவாக ஜாம்ஷெட்பூர் 1.10 கோடிக்கு எடுத்தது. பிரீதம் கோட்டால் தில்லிக்குப் போனார். ஈஸ்ட் பெங்காலின் ராகுல் பேக்கே பெங்களூருவுக்குப் போனார். பத்தாண்டுகள் சிவப்பு–பொன் சட்டையில் நடுக்களத்தைக் காத்த மெஹ்தாப் ஹொசைனும் ஜாம்ஷெட்பூருக்கே போனார்.

அந்நாளில் நான் இந்நகரத்தில் இல்லை. ஆனால் அதைப் பற்றிக் காக்கு சொன்னது நினைவிலிருக்கிறது: “மற்ற ஊர்க்காரர்கள் தங்களுக்கு யார் கிடைத்தார்கள் என்று கணக்கெழுதினார்கள். நாங்கள் எங்களிடம் யார் மிஞ்சினார்கள் என்று எழுதினோம்.” தெரிவு, ஒதுக்கீடு, பெயர் வாசிப்பு ஆகிய சொற்களெல்லாம் இந்தக் குடியிருப்புகளில் வேறோர் எடையுடன் ஒலிப்பவை. எந்தக் குடும்பத்துக்கு எந்த முகாம், எந்த மனை என்று பட்டியல் வாசிக்கப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

சரி, அந்தத் தெரிவை எப்படி மதிப்பிடுவது? கடையில் இது இன்னும் முடியாத வழக்கு. இளைஞர்கள் சொல்வது: முதல் தெரிவான அனஸ் காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்டார், ஜாம்ஷெட்பூர் ஐந்தாவதாக முடித்தது, மறு பருவமே அவர் கேரளத்துக்குப் போய்விட்டார், ஆகவே அது தோல்வி. ராகுல் பேக்கேயோ 2019 மார்ச்சில் கோவா அணிக்கு எதிரான இறுதியாட்டத்தில், கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் தலையால் முட்டிய ஒரே கோலால் பெங்களூருவுக்குக் கோப்பையைப் பெற்றுத்தந்தார். ஆகவே அது வெற்றி.

புள்ளியியல் மாணவனாக எனக்கு இவ்வாதத்தில் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, ஒரு முடிவின் தரத்தை அதன் விளைவைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. அன்றைய நாளில் அனஸ் நாட்டின் தலைசிறந்த பின்கள வீரர்களுள் ஒருவர். தசைநார் எப்போது கிழியும் என்பது தெரிவு மேசையில் அமர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டாவது, பேக்கேயின் தலையில் பந்து ஓரங்குலம் விலகிப் பட்டிருந்தால் அவரைத் தெரிவு செய்தது தவறாகிவிடுமா? அந்தக் கோலுக்கு முன் இரண்டு பருவங்களாக அவர் பக்கவாட்டில் ஓயாமல் ஓடியதே அவரை எடுத்தமைக்கான சான்று. கோல் அதற்குக் கிடைத்த அலங்காரம்.

முதியவர்களின் பார்வை வேறு. பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவர்களையே பார்க்கிறீர்கள், தக்கவைக்கப்பட்டவர்களைப் பாருங்கள் என்பார்கள். இதில் பெரிய உண்மை இருக்கிறது. 2017இல் பழைய அணிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வீரர்களை முன்கூட்டியே தக்கவைத்துக்கொள்ளலாம். சென்னையின் எஃப்சி அவ்வாறு வைத்துக்கொண்டவர்களில் ஜேஜே லால்பெக்லுவா, கோல்காப்பாளர் கரண்ஜித் சிங், அப்போது பதின்வயதினரான அனிருத் தாபா, ஜெர்ரி லால்ரின்சுவாலா ஆகியோர் இருந்தனர். அந்தப் பருவத்தின் கோப்பையைப் பெங்களூருவின் சொந்த மைதானத்திலேயே 3–2 என்று வென்றவர்கள் அவர்களே. பெயர் வாசிப்பு விழா தொலைக்காட்சிக்கு உரியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், கதவை மூடிக்கொண்டு, இந்தப் பையனை விடவேண்டாம் என்று எவரோ சொன்ன கணம் எந்தத் தொலைக்காட்சியிலும் வருவதில்லை.

இந்தியத் தொடரில் இன்னொரு நுட்பமும் உண்டு. தொடக்கத்தில் களத்தில் இருக்கவேண்டிய இந்தியர்கள் ஐவர். 2017இல் ஆறு பேர். 2021இலிருந்து ஏழு பேர். பயிற்றுநர்கள் வெளிநாட்டவரைப் பெரும்பாலும் அணியின் முதுகெலும்பில் நிறுத்துகிறார்கள். நடுப் பின்களம், நடுக்களத்தின் மையம், முன்களம் என்று அது போகும். கோல்காப்பாளரும் பக்கவாட்டுக் காவலர்களும் ஏறக்குறைய எப்போதும் இந்தியர்களே. வெளிநாட்டு முன்கள வீரரை உலகச் சந்தையில் எங்கும் தேடலாம். நம்பத்தகுந்த இந்திய இடப்பக்கப் பின்கள வீரரோ நாட்டிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஆகவே பேரம் பேசும்போது அரிய பொருள் எது என்பதை ரசிகர்கள் தலைகீழாகவே பார்க்கிறார்கள். விமான நிலையத்தில் மாலையணிந்து இறங்கும் ஸ்பானியருக்குப் பத்தாயிரம் பேர் கூடுகிறார்கள். ஹவுராவில் ரயிலைவிட்டு இறங்கும் மணிப்பூர்ப் பையனைத் தேடி எவரும் வருவதில்லை.

2017க்குப் பிறகு அந்தப் பொதுத் தெரிவு கைவிடப்பட்டது. ஒப்பந்தமும் மாற்றுத்தொகையும் அவ்விடத்தைப் பிடித்தன. 2020இல் ஈஸ்ட் பெங்கால் சூப்பர் லீக்கில் சேர்ந்தது. முதல் ஐந்து பருவங்களில் ஒன்றில் கடைசி இடம், நான்கில் ஒன்பதாம் இடம். இடையே 2024 ஜனவரியில் ஒடிசாவை 3–2 என்று வென்று சூப்பர் கோப்பையைக் கைப்பற்றிய இரவு மட்டும் இப்பகுதி உறங்கவில்லை. பன்னிரண்டாண்டுகளுக்குப் பின் வந்த தேசியக் கோப்பை அது.

அந்த மகிழ்ச்சியின் சூட்டோடுதான் 2024 கோடையின் அறிவிப்புகள் வந்தன. முந்தைய பருவத்தில் 13 கோல்களுடன் தங்கக் காலணி வென்ற திமித்ரியோஸ் தியாமந்தகோஸ் கேரளத்திலிருந்து வந்தார். கோலுக்கு உதவியோர் வரிசையில் முதலிடம் பெற்ற மதி தலால் பஞ்சாபிலிருந்து வந்தார். ஜீக்சன் சிங் வந்தார். அன்வர் அலி வந்தார்; அவருடைய ஒப்பந்தச் சிக்கல் கூட்டமைப்பின் குழுவையும் தாண்டித் தில்லி உயர் நீதிமன்றம்வரை சென்றது. கடையின் சுவரில் சாக்கட்டியால் எழுதப்பட்ட மதிப்பெண்களில் ஒன்றும் எட்டுக்குக் கீழே இல்லை.

அப்பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களிலும் ஈஸ்ட் பெங்கால் தோற்றது. மூன்றாம் தோல்வியோடு பயிற்றுநர் கார்லஸ் குவாத்ராத் விலகினார். இடையில் பூட்டானில் நடந்த ஆசியச் சவால் தொடரில் லெபனானின் நெஜ்மே அணியை 3–2 என்று வென்று குழுவில் முதலிடம் பெற்ற விந்தையும் நிகழ்ந்தது. டிசம்பரில் முழங்கால் காயத்தால் தலாலின் பருவமே முடிந்துபோனது. தியாமந்தகோஸின் லீக் கோல்கள் சென்ற ஆண்டின் பாதியைக்கூட எட்டவில்லை. அணி மீண்டும் ஒன்பதாவது.

சாபம், சதி, சோம்பல் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. என் துறையில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. ஒரு பருவத்தில் எல்லாரையும்விட மேலே நிற்பவரின் உயரத்தில் திறமையும் இருக்கும், அந்த ஆண்டின் நல்லூழும் இருக்கும். அவரை நாம் விலைக்கு வாங்கும்போது திறமை கூடவே வருகிறது, நல்லூழ் வருவதில்லை. உச்சத்தில் இருப்பவர்களை மட்டுமே பொறுக்கியெடுத்து ஒரு பட்டியல் அமைத்தால், மறு ஆண்டு அப்பட்டியலின் சராசரி இறங்கும் என்பதை எவரும் முன்கூட்டியே சொல்லலாம். அவர்களுள் எவர் இறங்குவார் என்பதைத்தான் சொல்ல இயலாது. அதே அணியில் 2023இல் கேரளத்திலிருந்து ஆரவாரமின்றி வந்து சேர்ந்த பி.வி. விஷ்ணு என்னும் இளைஞர் பக்கவாட்டில் மின்னத் தொடங்கினார். சுவரில் அவருக்கு மதிப்பெண்ணே இடப்பட்டிருக்கவில்லை.

இந்த விளக்கத்தை ஒரு மாலை நான் கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது காக்கு குறுக்கிட்டார். எல்லாரும் போன பிறகு சற்று இருக்கும்படி கேட்டுக்கொண்டார். அவருடைய அண்ணன் மகன் மைதானப் பகுதியில் நடக்கும் கொல்கத்தா லீக்கின் கீழ்ப்பிரிவு ஒன்றில் வலப்பக்கப் பின்களத்தில் ஆடுகிறான், வயது இருபத்திரண்டு. அவனுடைய கழகம் அடுத்த ஆண்டுக்கான பட்டியலைச் சுருக்கப்போகிறது. இதனிடையே தனியார் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் வேலை வந்திருக்கிறது. பத்து நாட்களுக்குள் பதில் சொல்லியாகவேண்டும். “நீ எண்களைப் படித்தவன், தம்பி. அவன் ஆடலாமா, வேண்டாமா? பார்த்துச் சொல்.”

எத்தனையோ வீரர்களைப் பற்றி அந்தக் கடையில் கூசாமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம். அவர்களுள் எவருடைய வீட்டு அரிசிப் பானையையும் நாங்கள் பார்த்ததில்லை. இந்தப் பையன் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

மூன்று ஆட்டங்களுக்குப் போனேன். ஆடிமாதம்போல் காற்று இல்லை. ஆடிமாதத்தைவிட மழை மிகுதி. சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. பார்வையாளர்கள் அறுபது பேர் இருக்கலாம். குறிப்பேட்டில் கட்டங்கள் வரைந்து, அவன் பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் கோடிட்டேன். மூன்று ஆட்டங்கள் முடிந்தபின் பார்த்தால் என்னிடம் இருந்தவை மிகச் சில கோடுகளே. அவன் காத்த பக்கத்தில் எதிரணியினர் பந்தைக் கொண்டுவரவே இல்லை. அவன் முன்பே சென்று சரியான இடத்தில் நின்றுவிடுகிறான்; அதைப் பார்த்து எதிரி மறுபக்கம் திரும்பிவிடுகிறான். நடக்காமற்போனவற்றை எண்ணுவதற்கு என் குறிப்பேட்டில் கட்டம் இல்லை. நிகழ்படமும் பயிற்சி பெற்ற கண்களும் கொண்ட பெருங்கழகங்கள் இதை அளக்க முயல்கின்றன. நான்கு மூங்கில்களும் ஒரு கயிறுமே வேலியாக இருக்கும் மைதானத்தில் அதை அளப்பவர் எவர்?

மறுபக்கம், அடிப்படை விகிதம் என்று ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்க முடியாது. கீழ்ப்பிரிவுகளில் ஆடும் நூற்றுக்கணக்கான பையன்களுள் ஒப்பந்த ஊதியத்தில் குடும்பம் நடத்தும் நிலைக்கு உயர்கிறவர்கள் மிகச் சிலர். 2017இன் பட்டியலில் இருநூறுக்கு மேற்பட்டோர் இடம்பெற்றிருந்தார்கள். பதினைந்து சுற்றுகள் முடிந்தபின்னும் பெயர் வாசிக்கப்படாதவர்கள் அவர்களுள் பலர். அந்தப் பட்டியலில் இடம்பெறுவதே இவனைப் போன்றவர்களுக்குக் கனவு.

காக்குவிடமும் அவனிடமும் இரண்டையும் சொன்னேன். அவன் நன்றாக ஆடுகிறான். அதை நான் கண்ணால் கண்டேன், எண்ணால் காட்ட முடியவில்லை. நன்றாக ஆடுகிறவர்களுக்கும் வழி கிடைப்பது அரிது; அதை எண்ணால் காட்ட முடியும். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடையாக்கும் சூத்திரம் என்னிடம் இல்லை. வேலையில் சேர்ந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட முடியுமா என்று விசாரிக்கலாம் என்றேன். காக்கு தம் வழக்கமான கேள்வியைத் தம் அண்ணன் மகனிடமே கேட்டார்: “ஆடாமலிருந்தால் வேறு என்ன செய்வாய்?” அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “காலையில் சீக்கிரம் எழுந்திருக்கவேண்டியிருக்காது” என்றான். மூவரும் சிரித்தோம். காக்குவின் சிரிப்புதான் முதலில் நின்றது.

அவன் கிடங்கு வேலையில் சேர்ந்தான். கழகத்தின் சுருக்கப்பட்ட பட்டியலிலும் அவன் பெயர் இருந்தது. அது வேலையில் சேர்ந்த பதினோராம் நாள் வெளியானது. இந்தப் பருவத்தில் விடுப்புக் கிடைத்த நாட்களில் ஆடினான். ஐந்து ஆட்டங்கள்.

என் ஆய்வு உதவித்தொகையும் வரும் மார்ச்சோடு முடிகிறது. என் பெயரும் சில பட்டியல்களில் இருக்கிறது. முகமறியாத எவரோ சுற்றுச் சுற்றாக வாசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் என்னைப் பற்றிக் கையில் வைத்திருப்பவையும் மிகச் சில கோடுகளே.

இதனால் ரசிகர்கள் மதிப்பெண் இடுவதை நிறுத்தவேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆட்டக்காரரைப் பற்றிப் பேசாத ஊரில் ஆட்டம் வாழாது. மேலும், கழகத்தைக் கைமாற்றும் முதலீட்டாளர்கள் வந்து போவார்கள், பயிற்றுநர்கள் ஆண்டுக்கொருவராக மாறுவார்கள். பஞ்சபாண்டவரின் பெயரை எழுபத்தைந்து ஆண்டுகளாக வரிசை மாறாமல் காத்துவைத்திருப்பது அந்தத் தேநீர்க்கடைப் பேச்சே. ஆனால் எங்கள் கடையில் மதிப்பெண் இடும் முறையில் மூன்று விதிகளைக் காக்கு சேர்த்திருக்கிறார். மதிப்பெண்ணின் கீழே தேதி எழுதவேண்டும். பருவம் முடியும்வரை அதை எவரும் அழிக்கக்கூடாது. ஒருவரைத் தவறான தெரிவு என்று சொல்பவர், அதே விலைக்கு அன்று கிடைத்திருக்கக்கூடிய இன்னொருவரின் பெயரையும் சொல்லவேண்டும். இருபத்து மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலாண்டில் மதிப்பெண்ணே கிடையாது; அவர்கள் பெயருக்கு எதிரே ஒரு கோடு மட்டும் இருக்கும். முதல் விதியை முன்மொழிந்தவன் நான். மூன்றாம் விதிக்கு விவாதமே நடக்கவில்லை.

சுவரின் இடப்பக்கத்தில் புதிய பருவத்துக்கான பெயர்கள் ஏறத் தொடங்கிவிட்டன. இதை வாசிக்கும் நண்பர்கள் சென்னைக்கோ, கேரளத்துக்கோ, பெங்களூருவுக்கோ ஆதரவாளராக இருப்பீர்கள். உங்கள் கழகம் தக்கவைத்தவர்களுள் சரியான முடிவு என்று எவரைச் சொல்வீர்கள், ஏன், அவருக்குப் பதிலாக எவர் கிடைத்திருப்பார் என்பதைக் கீழே எழுதுங்கள். தேதியிட மறக்கவேண்டாம். அடுத்த ஆண்டு இதே மாதத்தில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்போம்.